சாமுராய் சிற்றுருவங்கள்

சாமுராய் சிற்றுருவங்கள் என்பவை பழைய ஜப்பானியப் போர்வீரர்களைச் சிறிய அளவில் வடித்து, கையால் வண்ணம் தீட்டிச் சேகரிக்கப்படும் உருவங்கள் ஆகும். மினியேச்சர் என்று பரவலாக அறியப்படும் இவை பெரும்பாலும் வண்ணம் பூசப்படாமலே விற்கப்படுகின்றன. உறுப்புகளை ஒட்டி, பிசிறு நீக்கி, நிறம் தீட்டி முடிப்பது வாங்குபவரின் வேலை. இதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளிலும் உள்ளனர்.

குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கும் இவற்றுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வரலாற்றுச் சிற்றுருவம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்தையும் படையையும் சேர்ந்த வீரனைக் காட்டுகிறது. ஆகவே அதன் கவசத்துக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, அந்த வீரன் இப்படித்தான் இருந்தான் என்று கூறுவதற்குச் சமம். அந்தக் கூற்றுக்குச் சான்று என்ன என்பதே இக்கலையின் அடிப்படைக் கேள்வி ஆகும்.

ஆசியாவின் முன்மாதிரிகள்

போர்வீரரின் உருவத்தைச் செய்து வண்ணம் பூசும் வழக்கம் ஆசியாவுக்குப் புதிதன்று. சீனாவின் ஷிஆன் நகருக்கு அருகில் 1974ஆம் ஆண்டு கிணறு தோண்டிய உழவர்கள், பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையைக் கண்டனர். கி.மு. 210இல் இறந்த அப்பேரரசருக்காகச் செய்யப்பட்ட அவ்வுருவங்கள் ஆளுயரம் கொண்டவை. அடுத்து வந்த ஹான் மரபில் இந்த உயரம் குறைந்தது. ஷியான்யாங் அருகே யாங்ஜியாவானில் 1965இல் கண்டெடுக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட காலாட்படை, குதிரைப்படை உருவங்கள் ஏறத்தாழ அரை மீட்டர் உயரமே உடையவை. அவற்றின் மீது பழைய வண்ணத்தின் தடங்கள் இன்னும் உள்ளன.

சின் பேரரசரின் வீரர்களும் முதலில் பல வண்ணங்களுடன் இருந்தவர்களே. சுட்ட மண்ணின் மேல் அரக்குப் பூசி, அதன் மேல் நிறங்களைத் தீட்டியிருந்தனர். மண்ணுக்கடியில் ஈரத்திலேயே இருந்த அந்த அரக்குப் படலம், தோண்டி எடுத்தவுடன் காற்றுப் பட்டுச் சில நிமிடங்களில் சுருண்டு, நிறத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்தது. நிறத்தைக் காப்பாற்றும் வேதிமுறைகள் பின்னரே உருவாக்கப்பட்டன. அதனால் இன்று உலகம் அறிந்த சுடுமண் படை மண்ணிறத்தில் நிற்கிறது. வடிவம் இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது. வண்ணம் சில நிமிடங்களில் போயிற்று.

ஜப்பானில் இதற்கு இணையான வேறொரு மரபு உண்டு. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் ஆண் குழந்தைகளின் நலனுக்காகக் கொண்டாடப்பட்ட தாங்கோ விழாவில், முஷா நிங்யோ எனப்படும் வீரர் பொம்மைகளும் சிறிய தலைக்கவசங்களும் வீட்டில் வைக்கப்பட்டன. எடோ காலத்தில் (1603–1868) இவ்வழக்கம் பரவியது. 1948 முதல் அந்நாள் குழந்தைகள் தினமாக அரசு விடுமுறையாயிற்று. கைவினைஞர்கள் பட்டும் அரக்கும் கொண்டு முழுமையாகச் செய்து கொடுக்கும் இப்பொம்மைகள் விழாவுக்குரியவை. வாங்குபவரே வண்ணம் தீட்டும் சிற்றுருவப் பழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது.

ஐரோப்பாவின் உலோக வீரர்கள்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பத்தினர் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றனர். பிரான்சில் முப்பரிமாண ஈய உருவங்கள் செய்யப்பட்டன. 1893இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைப் புகுத்தியது. அச்சில் ஊற்றிய உலோகம் ஓரத்தில் உறைந்தவுடன் நடுவில் உள்ளதை வெளியே கொட்டிவிடுவது இம்முறை. உலோகம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது.

ருஷ்ய–ஜப்பானியப் போர் (1904–05) நடந்த காலத்தில் அந்நிறுவனத்தின் விற்பனையில் ஜப்பானிய வீரர்களும் இடம்பெற்றனர். ஆனால் அவர்கள் மேற்கத்தியச் சீருடையும் துப்பாக்கியும் கொண்ட நவீனச் சிப்பாய்கள். கவசம் அணிந்த சாமுராய் மேற்கத்திய நாடுகளின் சேகரிப்புகளில் பரவலாக இடம்பெற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

இம்மாற்றத்துக்குச் சில காரணங்கள் உண்டு. 1935இல் பிரிட்டனில் மாதிரி வீரர் சேகரிப்போருக்கென ஒரு சங்கம் அமைந்தது. பெரியவர்களின் பொழுதுபோக்காக இது நிலைபெற்றபோது வரலாற்றுத் துல்லியத்தின் மீது கவனம் கூடியது. அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954), 'காகேமுஷா' (1980), 'ரான்' (1985) ஆகிய திரைப்படங்கள் சாமுராய் உருவத்தை உலகெங்கும் கொண்டு சென்றன. ஸ்டீபன் டர்ன்புல் எழுதிய சாமுராய் படைகள் பற்றிய நூலை 1979இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வண்ண ஓவியத் தகடுகளுடன் வெளியிட்டது. இவ்வகை நூல்கள் சிற்பிகளுக்கும் வண்ணம் தீட்டுவோருக்கும் கையேடுகளாயின.

அளவும் பொருளும்

சேகரிப்பாளர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் அளவு 54 மி.மீ. ஆகும். இது மனித உயரத்தில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு. காட்சிக்கென்றே செய்யப்படும் உருவங்கள் 75 அல்லது 90 மி.மீ. உயரத்திலும், மேசைப் போர் விளையாட்டுக்கான உருவங்கள் 28 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான உயரத்திலும் வருகின்றன. நெகிழி உருவங்களில் 72இல் ஒரு பங்கு என்ற அளவு புகழ்பெற்றது. அந்த அளவில் ஒரு வீரனின் உயரம் ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே.

தொடக்கத்தில் ஈயம் கலந்த உலோகமே வார்ப்புக்குப் பயன்பட்டது. ஈயத்தின் நச்சுத்தன்மை குறித்த அச்சம் வளர்ந்தபோது பொம்மைத் தொழில் நெகிழிக்கு மாறியது. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈய வார்ப்பை நிறுத்தியது. இன்று வெள்ளீயக் கலவை, ரெசின், நெகிழி ஆகியவை வழக்கில் உள்ளன. கணினியில் வடித்து முப்பரிமாண அச்சில் எடுக்கும் முறையும் பரவியுள்ளது.

காலந்தோறும் மாறிய கவசம்

சாமுராய் கவசம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. வண்ணம் தீட்டத் தொடங்குமுன் உருவம் எக்காலத்தது என்று அறிவது முதல் வேலை.

ஹெயான் காலத்தின் பிற்பகுதியிலும் காமாகுரா காலத்திலும் (1185–1333) உயர்நிலை வீரர்கள் ஓ-யோரோய் எனப்படும் பெருங்கவசத்தை அணிந்தனர். இரும்பாலும் தோலாலும் ஆன சிறு செதில்களுக்கு அரக்குப் பூசி, பட்டு நாடாக்களாலோ தோல் வார்களாலோ வரிசை வரிசையாகப் பின்னிச் செய்தது இது. குதிரை மீதிருந்து அம்பெய்பவனுக்கென அமைந்த கவசம் என்பதை அதன் உறுப்புகளே காட்டும். மார்பின் மேல் வில்நாண் சிக்காமல் வழுக்கிச் செல்லத் தோல் போர்த்தியிருக்கும். இரு தோள்களிலும் கேடயம் போன்ற அகன்ற தகடுகள் தொங்கும். வில் பிடிக்க இரு கைகளும் தேவைப்பட்டதால் தனிக் கேடயம் ஏந்த வழியில்லை.

16ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் பெருகி, படைகளும் பெருத்தன. சிறு செதில்களைப் பின்னுவதற்கு நாளும் பொருளும் மிகுதியாகத் தேவைப்பட்டன. எனவே பெரிய இரும்புத் தகடுகளால் ஆன தோசெய் குசோக்கு, அதாவது 'இக்காலக் கவசம்', நடைமுறைக்கு வந்தது. வீரனின் முதுகில் சஷிமோனோ எனப்படும் அடையாளக் கொடியைச் செருகும் வழக்கமும் இக்காலத்தில் பரவியதே. ஆகவே காமாகுரா காலப் பெருங்கவசம் அணிந்த வீரனின் முதுகில் சஷிமோனோ பறப்பதாகக் காட்டினால் அது காலப் பிழை.

நிறத்துக்கான சான்றுகள்

கவசத்தின் நிறத்தை அறியப் பழைய ஓவியங்கள், எழுத்துச் சான்றுகள், எஞ்சியுள்ள கவசங்கள் ஆகிய மூன்றும் உதவுகின்றன. மூன்றிலும் எச்சரிக்கை தேவை.

1274, 1281 ஆகிய ஆண்டுகளின் மங்கோலியப் படையெடுப்புகளை எதிர்த்துப் போரிட்ட தாகேசாக்கி சுவெனாகா என்ற வீரர், தம் செயல்களைச் சித்திரிக்கும் ஓவியச் சுருள்களை வரையச் செய்தார். போரைக் கண்டவரின் மேற்பார்வையில் உருவானவை என்பதால் இவை அரிய சான்றுகள். அதில் சுவெனாகாவின் குதிரை குருதி சிந்தித் துள்ளும் காட்சியும், அருகே ஒரு வெடிகுண்டு சிதறும் காட்சியும் சிற்பிகளால் பலமுறை பின்பற்றப்பட்டவை. ஆனால் அவருக்கு நேர் எதிரே நிற்கும் மங்கோலிய வீரர் மூவர் பிற்காலத்தில் சேர்த்து வரையப்பட்டவர்கள் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதே வேளையில், நாகசாகி மாநிலத்தின் தாகாஷிமா தீவருகே கடலடியில் வெடிகுண்டுகளே கிடைத்துள்ளன. ஆகவே அத்தகைய குண்டுகள் அக்காலத்தில் இருந்தன என்பது உறுதி. ஒரே ஓவியத்தின் ஒரு பகுதி உறுதிப்பட, மற்றொரு பகுதி ஐயத்துக்குள்ளாகிறது.

கவசங்களே சான்றாகும்போதும் சிக்கல் உண்டு. பட்டு நாடா நாளடைவில் நைந்துபோவதால் பல பழைய கவசங்கள் பிற்காலத்தில் மீண்டும் பின்னப்பட்டவை. தோக்கியோவின் மேற்கே உள்ள முசாஷி மிதாகே ஆலயத்தில் சிவப்பு நாடாவால் பின்னிய பெருங்கவசம் ஒன்று காக்கப்படுகிறது. மெய்ஜி காலத்தில் அதைச் செப்பனிட்டபோது, அக்காலத்தில் புதிதான வேதிச் சாயம் ஏற்றிய நாடாக்களைச் சேர்த்தனர். புதிய நாடாக்கள் வெளிறி இளஞ்சிவப்பாயின. மஞ்சிட்டி வகை வேரின் சாயம் ஏற்றிய பழைய நாடாக்களோ பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் சிவப்பாகவே உள்ளன. கவசத்தின் படத்தைப் பார்த்து அப்படியே வண்ணம் தீட்டுபவர், இரண்டில் எது பழைய சிவப்பு என்று அறியாவிட்டால் 20ஆம் நூற்றாண்டின் சாயத்தைப் பண்டை வீரனுக்குப் பூசிவிடுவார்.

உறுதியான சான்றுள்ள நிறங்களும் உள்ளன. 1582இல் தாகேதா குலம் வீழ்ந்த பின், அக்குலத்து வீரர்கள் பலரைத் தோக்குகாவா இயேயாசு தம் தளபதி ஈ நாவோமாசாவின் கீழ் வைத்தார். தாகேதா படைப்பிரிவுகளில் வழங்கிய செந்நிறக் கவச மரபை நாவோமாசா தம் படை முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். அக்குலத்தின் செவ்வரக்குக் கவசங்களை ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம். தாதே மாசாமுனேயின் கருங்கவசமும் பிறைச்சின்னம் பூண்ட தலைக்கவசமும் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆனால் ஒரு படை முழுதும் ஒரே நிறம் என்பது விதிவிலக்கு. 'ரான்' திரைப்படத்தில் மூன்று மகன்களின் படைகளும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரித்துக் காட்டப்படுகின்றன. அது பார்வையாளர் குழம்பாமல் இருக்க இயக்குநர் கையாண்ட உத்தி. உண்மையில் சாமுராய்கள் தத்தம் கவசத்தைத் தாமே கொண்டுவந்தனர். படையின் அடையாளம் பெரும்பாலும் கொடியிலும் சின்னத்திலும் இருந்தது.

வண்ணம் தீட்டும் முறை

உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, அச்சுக் கோடுகளை அரத்தால் தேய்த்து நீக்கிய பின் அடிப்பூச்சு கொடுப்பர். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் அதன் நிறத்தை இட்டு, பள்ளங்களில் அடர்நிறத்தையும் மேடுகளில் வெளிர்நிறத்தையும் ஏற்றுவர். சிறிய உருவத்தின் மீது இயற்கை ஒளி தரும் நிழல் போதாது என்பதால் நிழலையே வண்ணமாகத் தீட்ட வேண்டியுள்ளது. அக்ரிலிக் விரைவில் உலரும். எண்ணெய் வண்ணம் ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைக்க நேரம் தரும்.

சாமுராய் உருவத்துக்கே உரிய சில இடர்கள் உள்ளன. முதலாவது, அளவு. 1 செ.மீ. அகலமுள்ள ஒரு நாடா 54 மி.மீ. உருவத்தில் ஏறத்தாழ 0.3 மி.மீ. அகலமே பெறும். கவசம் முழுதும் அத்தகைய நாடாக்கள்.

இரண்டாவது, உலோகத் தோற்றம். ஐரோப்பிய மாவீரர்களைத் தீட்டிப் பழகியவர்கள் கவசத்துக்கு வெள்ளி நிறம் பூசி, கீறலும் துருவும் சேர்ப்பர். ஜப்பானின் ஈரக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவே அதன் மேல் அரக்குப் பூசினர். ஆகவே பெரும்பாலான கவசங்களுக்குப் பொருத்தமானது கருமையோ பழுப்போ செம்மையோ கொண்ட மெல்லிய பளபளப்பு. துருப்பிடித்த இரும்பு போலத் தோன்றுமாறு வேண்டுமென்றே பூசப்பட்ட அரக்கு வகையும் உண்டு. அது பழுதன்று, அலங்காரம்.

மூன்றாவது, நிறச் சாயல். பெருங்கவசத்தின் நாடாக்களை மேலே வெளிறியும் கீழே செல்லச் செல்ல அடர்ந்தும் வருமாறு அமைக்கும் சுசோகோ என்னும் முறை இருந்தது. மேலிருந்து ஒளி விழுவதாகத் தீட்டும்போது கிடைக்கும் தோற்றமும் இதுவே. சாயத்தால் வந்த வேறுபாடு எது, ஒளியால் வந்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி வரிசைக்கு வரிசை தெளிவாகப் பிரித்துக் காட்டுவது தேர்ந்தவர்களுக்கே கைவரும்.

வாள் என்னும் அடையாளம்

விற்பனையில் உள்ள சாமுராய் உருவங்களில் வாளை ஓங்கி நிற்பவை ஏராளம். போர்க்களச் சான்றுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. 14ஆம் நூற்றாண்டு வீரர்கள் பரிசு கோரித் தம் தலைவர்களிடம் அளித்த ஆவணங்களில் தங்கள் காயங்களைப் பதிவு செய்துள்ளனர். எதனால் ஏற்பட்டவை என்று தெரியும் காயங்களில் பெரும்பகுதி அம்பினால் வந்தவை. 16ஆம் நூற்றாண்டில் யாரி என்னும் நீண்ட ஈட்டி களத்தில் முதன்மை பெற்றது. 1543இல் தானேகாஷிமா தீவுக்குப் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்து, ஜப்பானிய கொல்லர்களால் விரைவில் பெருமளவு செய்யப்பட்டது.

1575இல் நாகாஷினோவில் ஓதா நோபுநாகாவின் துப்பாக்கி வீரர்கள் தாகேதா படையை முறியடித்தனர். அவர்கள் மூன்று வரிசைகளாக நின்று மாறி மாறிச் சுட்டனர் என்ற கதை பல காட்சி அமைப்புகளில் இடம்பெறுகிறது. நோபுநாகாவிடம் பணியாற்றிய ஓதா கியூயிச்சி எழுதிய வரலாற்றில் இந்த மூன்று வரிசை இல்லை; அது 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூலொன்றின் வழியாகப் பரவியது.

1615இல் ஓசாகா கோட்டை வீழ்ந்த பின் நீண்ட அமைதி நிலவியது. போரில்லாத அக்காலத்தில் இரு வாள் தரிப்பது சாமுராய் வகுப்பின் உரிமையாகவும் அடையாளமாகவும் ஆயிற்று. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. 1900இல் இனாசோ நிதோபே ஆங்கிலத்தில் எழுதிய 'புஷிதோ' என்ற நூல் வாளைச் சாமுராயின் ஆன்மாவாக உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இன்றைய சிற்றுருவம் ஏந்தும் வாள், போர்க்காலத்தைவிட அதற்குப் பிந்தைய அமைதிக் காலத்துக்கே மிகுதியும் கடன்பட்டது.

பெயரறியாக் காலாட்கள்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படைகளின் பெரும்பகுதி அஷிகாரு எனப்படும் காலாட்களே. ஈட்டியும் வில்லும் துப்பாக்கியும் ஏந்தியவர்கள் இவர்கள். தலைவர் இரவலாகத் தந்த எளிய கவசமும், கூம்பு வடிவத் தொப்பியும் இவர்களின் உடை. தளபதிகளின் கவசங்கள் கோயில்களிலும் குலக் கருவூலங்களிலும் காக்கப்பட்டன. காலாட்களின் கவசத்தை அப்படிக் காக்க யாரும் முனையவில்லை. அதனால் எஞ்சியவற்றில் தளபதிகளின் பங்கு மிகுதி. சிற்றுருவங்களிலும் அந்நிலையே தொடர்கிறது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சோஹ்யோ மோனோகதாரி' என்னும் நூல். காலாட்களும் பணியாட்களும் தம் அனுபவங்களைத் தாமே பேசுவது போல அது அமைந்துள்ளது. துப்பாக்கியை எப்படிச் சுமப்பது, அரிசியை எப்படிக் கட்டிக்கொள்வது என்பவை அதில் வருகின்றன. சேப்பங்கிழங்குத் தண்டை மிசோவில் வேகவைத்து உலர்த்தித் திரித்த கயிறும் அதில் உண்டு. மூட்டை கட்டப் பயன்படும் அந்தக் கயிற்றைப் பிறகு நீரில் கொதிக்கவிட்டால் குழம்பாகும்.

28 மி.மீ. அளவில் முழுப் படைகளை அமைக்கும் சேகரிப்பாளர்கள் வழியாக இக்காலாட்களும் இன்று பெருமளவில் வடிக்கப்படுகின்றனர். செவ்வரக்குக் கவசத்துக்கு ஹிகோனேயில் சான்று தேடும் அதே கவனம், ஒரு காலாளின் இடுப்பில் தொங்கும் பழுப்பு நிறக் கயிற்றுக்கும் உரியது. சின் பேரரசரின் மண்வீரர்கள் இழந்த நிறத்தைப் போலவே, பெயரறியாத வீரர்களின் தோற்றமும் எளிதில் அழியக்கூடியது. சான்று தேடித் தீட்டப்பட்ட ஒரு சிற்றுருவம் அதில் சிறு பகுதியையேனும் மீட்டுத் தருகிறது.